மரத்தடியில் நட்டவை

ஏற்கெனவே ஒருத்தி வாழ்ந்து முடித்த வீட்டுக்குள் அவள் இரண்டாவதாக வந்தாள். நாற்பது வயதுவரை கல்யாணம் கூடிவராமல், இனிமேல் நமக்கெதற்கு என்று அந்த எண்ணத்தையே கைகழுவிவிட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் வேலை செய்த கட்டடத்தின் லிஃப்ட் அடிக்கடி பாதியில் நிற்க ஆரம்பித்தது. சரிசெய்ய வந்துபோன மெக்கானிக் மனைவியை இழந்தவர். லிஃப்ட் ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக்கு ஒரு மகள். பிறந்தபோது குறைமாதக் குழந்தை, கையளவுதான் இருந்தாளாம். அதனால் பொடிசு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறாள், அப்பாவைவிட உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள் பொடிசைப் பிடித்து நிறுத்தி, "சித்தின்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொடிசு தலையை ஆட்டினாள். ஆனால் கூப்பிடவில்லை. மொட்டையாகப் பேசினாள். "சாப்பாடு ஆயிடுச்சா?" "சாவி எங்க இருக்கு?" என்று காற்றைப் பார்த்துத்தான் எதையும் கேட்பாள். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், கூப்பிடாமல், தான் கண்ணில் படும்வரை கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடாவிட்டாலும் இந்தக் கதையில் அவளைச் சித்தி என்றே வைத்துக்கொள்வோம்.

சித்திக்குக் காது பரிசோதனை செய்யும் வேலை. வெளிச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். பல பேர் கேட்காமலே அமுக்குவார்கள். காது மந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். ஒலியே அனுப்பாத நேரத்தில் பட்டனை அமுக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவர்களை அவள் ஒருநாளும் மடக்கியதில்லை. "இன்னொரு தடவ பாக்கலாம்" என்பாள். அவ்வளவுதான்.

அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்து மரம்தான் தெரியும். ஜன்னல், சுவர், துணிக்கொடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நிற்கும் பெரிய மரம். வெயிலும் கீழே இறங்காது, மழையும் இறங்காது. ஊரெல்லாம் வெள்ளமாக ஓடினாலும் மரத்தடி மண் புழுதியாகவே கிடக்கும். கொஞ்சநஞ்சம் ஈரம் வந்தாலும் மேலாகவே பின்னிக்கிடந்த வேர்கள் அதை உறிஞ்சிவிடும். சித்தி வந்தபோது அங்கே காய்ந்த சருகும் ஒரு உடைந்த வாளியும்தான் இருந்தன.

ஆனால் அந்த இடத்தைப் பற்றி வீட்டில் சொன்ன கதை வேறு. முதல் மனைவி இருந்த காலத்தில் அது பூத்துக் குலுங்கிய இடமாம். பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அவ கை ராசி அப்படி. குச்சிய நட்டாலும் பூக்கும்" என்பாள். முதல் மனைவியின் தம்பி, பொடிசின் மாமா, வரும்போதெல்லாம் பின்வாசலில் போய் நின்று பெருமூச்சு விடுவான். கூடத்தில் மாட்டியிருந்த படத்தில்கூட அவள் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள். "அவ போனப்ப தோட்டமும் அவகூடவே போயிடுச்சு" என்று மெக்கானிக் ஒருமுறை சொன்னார். அதிகம் பேசாத மனிதர் அவர். மேலே போனாலும் கீழே வந்தாலும் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அதனால் அந்த ஒரு வாக்கியம் சித்தியின் மனதில் தங்கிவிட்டது.

யாருடனும் போட்டி போடும் எண்ணம் அவளுக்கு இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது கண்ணுக்கு எதிரே பச்சையாக ஏதாவது இருந்தால் போதும் என்று நினைத்தாள். ஒரு விடுமுறை நாளில் நர்சரிக்குப் போய், இடம் எப்படி என்று விவரித்தாள். நர்சரிக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, பூச்செடிகள் இருந்த பக்கம் அவளை விடாமல், கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருட்டில் ஒரு வரிசை நின்றது. முழங்கை உயரத்துக்குக் குத்துச்செடி, கரும்பச்சையில் பளபளக்கும் சின்ன இலைகள். அட்டையில் வாயில் நுழையாத ஏதோ பெயர் எழுதியிருந்தது.

"இது அழுத்தக்காரிங்க" என்றார். "இலைய உதிர்க்காது. நெழல்னா பயமில்ல, தண்ணியில்லாமக் காஞ்சாலும் தாங்கும். ஆனா மொத வருஷம் வெளிய ஒண்ணுமே காட்டிக்காது. செத்துடுச்சோன்னு பிடுங்கிப் பாக்கத் தோணும். பிடுங்கிடாதீங்க."

பெரிய செடியாக வாங்க வேண்டாம் என்றும் சொன்னார். மரத்தடியில் பெரிய குழி தோண்டினால் மரத்தின் வேர் போய்விடும், சின்னச் செடியென்றால் வேருக்கும் வேருக்கும் நடுவே இருக்கும் சந்தில் இறக்கிவிடலாம். நடுவதற்கு முன் தொட்டியோடு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தொட்டிக்குள் சுருண்டிருக்கும் வேரைக் கையால் பிரித்துவிட வேண்டும். மரம் உதிர்க்கும் சருகைக் கூட்டி எறியாமல் அதையே போர்வையாகப் போட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை நிதானமாக, ஆழத்துக்கு இறங்கும்படி தண்ணீர் விட வேண்டும். அதற்குப் பிறகு அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சித்தி சின்னச் செடிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். மெக்கானிக், உனக்கு எது தோணுதோ செய் என்றார். பொடிசு தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அங்க தோண்ட வேணாம்."

ஏன் என்று அப்பா கேட்டதற்கு, வேணாம்னா வேணாம் என்றாள். மெக்கானிக் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்ட தன் லிஃப்ட் ஒன்றைப் போலவே இருந்தார். சித்தி பேச்சை மாற்றினாள். அம்மாவின் இடத்தில் இன்னொருத்தி கைவைப்பது பெண்ணுக்கு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அது நியாயம்தான் என்றும் பட்டது.

செடிகள் சில வாரங்கள் பின்வாசல் படியிலேயே தொட்டியில் இருந்தன. தினமும் அவற்றைத் தாண்டித்தான் பொடிசு துணி காயப்போடப் போனாள். கடைசியில் சித்தி தனக்குள் ஒரு சமரசம் செய்துகொண்டாள். நடுவில் தொட வேண்டாம், மதிலை ஒட்டிய கோடியில் மட்டும் வைக்கலாம், அங்கே எப்போதும் ஒன்றும் இருந்திருக்காது. பொடிசு பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மண் செங்கல் மாதிரி இருந்தது. கொத்திய இடத்தில் புழுதி கிளம்பியதே தவிர, பள்ளம் விழவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடியும் கொத்தினாள். நாலு விரல் இறங்கியதும் மண்வெட்டி எதிலோ பட்டு வழுக்கியது. வேர் என்று நினைத்துக் கையால் மண்ணை விலக்கினாள். கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு. இழுத்தாள். நர்சரித் தொட்டி ஒன்று முழுசாக வெளியே வந்தது. உள்ளே காய்ந்த குச்சி. அதன் வேர்கள் தொட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வெளியே போக வழியில்லாமல் கயிறுமாதிரி இறுகிப்போயிருந்தன. ஓரத்தில் செருகிய அட்டையில் சாயம் போன சிவப்புப் பூ.

தொட்டியை எடுக்காமல் யார் செடி நடுவார்கள் என்று யோசித்தபடி பக்கத்தில் கொத்தினாள். இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. இரண்டு தொட்டிகளுக்கு அடியில் அதைவிடப் பழையதாக ஒன்று. எல்லாமே கடையில் வாங்கியபடியே இறக்கிவைக்கப்பட்டு, மேலே மண்ணும் சருகும் தூவப்பட்டவை.

சித்தி அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடத்துப் படத்தில் இருந்த சிவப்பும் மஞ்சளும் இவைதான். இந்த மண்ணில் எதுவும் பூக்கவில்லை. படத்தில் இருந்தவள், பூத்த செடிகளை வாங்கி வந்து புதைத்து, வாடியதும் அடுத்ததை வாங்கி, அதன்மேலேயே புதைத்து வந்திருக்கிறாள். கை ராசி என்று ஊரே பேசியது நர்சரிக்காரர் எவரோ ஒருவருடைய கை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை அவள் பின்னாளில் நினைத்து வெட்கப்பட்டாலும் இல்லையென்று சொல்லிக்கொண்டதில்லை. இத்தனை நாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று தன் உயரத்துக்கு இறங்கி வந்தமாதிரி இருந்தது. பிறகு மண்வெட்டி பிடித்த மணிக்கட்டு வலித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தச் செங்கல் மண்ணை அந்தப் பெண்ணும் கொத்தியிருக்கிறாள். மாதா மாதம் கொத்தியிருக்கிறாள். அவளுக்கும் இதே மாதிரி வலித்திருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. நேரில் பார்த்திராத அந்தப் பெண்மேல், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதன்முறையாக, சித்திக்கு ஒரு பாசம் வந்தது.

பொடிசு இதைப் பார்க்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தாள். அம்மாவைப் பற்றி அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம். அதில் இந்தத் தோட்டமும் ஒன்று. கிடைத்த தொட்டிகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, குப்பை வண்டி வரும் நாள்வரை இருக்கட்டும் என்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். பிறகு தொட்டிகள் இருந்த அதே பள்ளங்களில் தன் செடிகளை, வேரைப் பிரித்துவிட்டு, நட்டாள்.

மாலை பொடிசு பின்வாசலில் வந்து நின்றாள். புதுச் செடிகளைப் பார்த்தாள், புரண்டுகிடந்த மண்ணைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், தலைவலி என்று சொல்லிச் சாப்பிடவும் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் மொட்டைப் பேச்சுகூட நின்றுபோனது. ஆனால் சித்தி திரும்பும்போதெல்லாம், பொடிசு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு உணர்வு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தான். ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருப்பவன், எந்நேரமும் ஏதாவது ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். வழக்கம்போல நேரே பின்வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"என்ன மச்சான், அக்கா எடத்துல யாரக் கேட்டுத் தோண்டினீங்க?"

மெக்கானிக் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். மாமா சித்தியின் பக்கம் திரும்பினான். அக்கா இருந்தபோது அந்த இடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். பார்க்கிறவர்கள் வாய்பிளந்து நிற்பார்கள், மண்ணே அவள் பேச்சைக் கேட்கும் என்றான். இப்போது ஆஸ்பத்திரி வேலி மாதிரி எதையோ கொண்டுவந்து நட்டிருக்கிறீர்கள் என்றான். சொல்லச் சொல்ல அவன் கண் கலங்கிக்கொண்டு வந்தது.

"அவ வெச்சதோட வேராவது உள்ள இருந்திருக்கும். அதையும் வெட்டிப் போட்டிருப்பீங்க."

சித்தியின் கையில் தேநீர்த் தட்டு இருந்தது. வாஷிங் மெஷின் இருந்த அறை நாலடி தள்ளித்தான். சாக்கை இழுத்து வந்து நடுக்கூடத்தில் கொட்டினால் போதும், இனி ஆயுசுக்கும் யாரும் அவளிடம் கை ராசியைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. கதவோரம் பொடிசு நின்றுகொண்டிருந்தாள்.

"அவங்க கை எனக்கு வராதுங்க" என்றாள் சித்தி. "எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்சத நட்டிருக்கேன், அவ்ளோதான். டீ ஆறிடும், எடுத்துக்கோங்க."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவன் கையில் தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். போகும்போது, நான் ஏதாவது அதிகமாகப் பேசியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றான். மெக்கானிக் அவனை வழியனுப்பப் போனார்.

சித்தி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். பொடிசு சமையலறைக்குள் வந்து, தேய்த்து வைத்த டம்ளரை எடுத்துத் துடைத்தாள். அவள் அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை.

"அந்தச் சாக்க நான் பாத்துட்டேன்" என்றாள்.

சித்தியின் கை நின்றது. எப்போது என்று கேட்டாள்.

"நீங்க தோண்டின அன்னிக்கே. துணி போடப் போனப்ப." டம்ளரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வெச்சேன். உங்க அம்மாவப் பத்தி நீ வேற மாதிரி நெனச்சுடக் கூடாதுன்னு."

பொடிசு அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே அது ஒருமாதிரி முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குத் தெரியக் கூடாதா? அதுல பாதி நான் பொதச்சது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அம்மா முதலில் ஒழுங்காகத்தான் நட்டாளாம். ஒன்றும் பிழைக்கவில்லை. இந்த மரத்தடியில் எதுவும் வராது என்று அப்பா சொல்ல, வரவைத்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்று அம்மா வீம்புக்குச் சொல்லிவிட்டாள். ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பூவோடு இருந்த ஒரு தொட்டியை வாங்கி, விளிம்பு தெரியாமல் மண்ணுக்குள் இறக்கிவைத்தாள். சும்மா அன்று ஒருநாளைக்குத்தான். வந்தவர்கள் பாராட்டோ பாராட்டு என்று பாராட்டிவிட்டார்கள். அப்பாவின் முகத்தில்கூடச் சிரிப்பு. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அக்கம்பக்கத்தில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, அம்மாவும் மகளும் பஸ் ஏறித் தூரத்து நர்சரிக்குப் போவார்கள். பொடிசின் பள்ளிக்கூடப் பையில்தான் செடி வரும். அப்பா வேலைக்குப் போனதும் இருவரும் தோண்டுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு வரும் நேரம் தெரியும், அதற்குள் முடித்துவிடுவார்கள். ஒருதடவை பாதியில் அவள் வந்துவிட, அம்மா தொட்டியின்மேலேயே புடவையை விரித்து உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசினாளாம்.

"அப்படி சிரிப்போம்" என்றாள் பொடிசு. "அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

அம்மா நோயில் படுத்த பிறகு கட்டிலை ஜன்னலோரம் போட்டார்கள். பொடிசு தனியாகப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள், தனியாகப் புதைத்தாள். காலையில் அம்மா எதுவும் தெரியாதவள் மாதிரி, இன்றைக்கு என்ன பூத்திருக்கிறது என்று கேட்பாள். இவளும் எதுவும் தெரியாதவள் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். கடைசிவரை அப்படியே நடந்தது.

"அதுக்கப்புறம் தோட்டமும் அம்மாகூடவே போயிடுச்சுன்னு எல்லாரும் அழுதாங்க." அவள் குரல் இறங்கியது. "நான் கடைக்குப் போகல. அவ்ளோதான்."

அணைத்துக்கொள்ளும் அளவுக்கு இருவருக்கும் நடுவே இன்னும் பழக்கம் இல்லை. சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த முறையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பூ ரொம்ப நாள் தாங்குச்சு?"

பொடிசு யோசித்தாள். மஞ்சள்தான் என்றாள். சிவப்பு எல்லாம் ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும், அம்மா அதற்கு நோஞ்சான் என்று பெயர் வைத்திருந்தாள் என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு பொடிசு ஜன்னல் வழியாக அந்தக் கரும்பச்சைச் செடிகளைப் பார்த்தாள்.

"நீ நட்டது மட்டும் சாகாதா?"

அந்த 'நீ' எப்போது வந்தது என்று அவள் கவனிக்கவில்லை. சித்தி கவனித்தாள், காட்டிக்கொள்ளவில்லை. தெரியாது, பார்க்கலாம் என்றாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் இது தெரிய வேண்டாம் என்று பொடிசு கேட்டுக்கொண்டாள். அது உங்க அம்மாவும் நீயும் வெச்சுக்கிட்டது, அதைச் சொல்ல நான் யார் என்றாள் சித்தி.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து மிச்சத் தொட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். நடுவிடத்திலும் செடி வைக்க வேண்டுமென்றால் அவை வெளியே வந்தாக வேண்டும். எது எங்கே இருக்கும் என்று பொடிசுக்கு ஓரளவு நினைவிருந்தது. இது மழைக்காலத்தில் வாங்கியது, இது பரீட்சை நேரத்தில், இது அம்மா எழுந்திருக்க முடியாமல் போனபோது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சில சமயம் சும்மா உட்கார்ந்திருப்பாள். சித்தி அப்போது வேறு பக்கம் பார்த்து மண்ணைச் சலிப்பாள். ஒருநாள் வெளியே போயிருந்த மெக்கானிக், இவர்கள் பாதி வேலையில் இருக்கும்போது திரும்பி வந்து, என்ன இவ்வளவு தோண்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"கல்லு" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

நர்சரிக்காரர் சொன்னமாதிரியே அந்தச் செடிகள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. பொடிசுக்குப் பொறுமை போய்விட்டது. உயிர் இருக்கிறதா என்று நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பாள். உள்ளே பச்சை தெரியும். சரி என்று விட்டுவிடுவாள்.

கோடை உச்சத்தில் சித்தியை வேறொரு ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதுக் கருவி வந்திருந்தது, அதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் விடும் பொறுப்பைப் பொடிசு ஏற்றுக்கொண்டாள். தினமும் ஒரு குவளை ஊற்றினாள். மேல்மண் நனைந்தது, அடியில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நனைந்த மண்ணைப் பார்த்து அவளும் திருப்திப்பட்டுக்கொண்டாள். ஒருநாள் பார்த்தால் நடுவிடத்தில் புதிதாக வைத்திருந்த ஒரு செடியின் இலைகள் பழுப்பாகி, தொட்டதும் உதிர்ந்தன. அடுத்த இரண்டு நாளில் அது முழுசாகப் போய்விட்டது.

சித்தி ஊரிலிருந்து திரும்பியதும் பையை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குத்தான் போனாள். செத்த செடி நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில், தரைமேல், அதே இனத்தில் புதுச் செடி ஒன்று தொட்டியோடு இருந்தது. பொடிசு படியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே போய் வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். "குழிகூடத் தோண்டிட்டேன். மாத்தி வெச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது" என்று ஒப்புக்கொண்டாள் சித்தி.

"வெக்க மனசு வரல."

ஏன் என்று சித்தி கேட்கவில்லை. பொடிசே சொன்னாள். அம்மாவோடு செய்ததில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லையாம். திரும்பவும் அப்படி ஒருநாள் கிடைத்தால் ஓடிப்போய்ப் பஸ் ஏறுவாளாம். ஆனால் இந்தத் தடவை கையில் தொட்டியை வைத்துக்கொண்டு குழிக்கு முன்னால் உட்கார்ந்தபோது, கூடச் சிரிக்க ஆள் இல்லை. யாரை ஏமாற்றுவதற்கு யாரோடு செய்வது என்று ஆகிவிட்டது.

"நான் தப்பாத் தண்ணி ஊத்தியிருக்கேன். செத்துப்போச்சு. அதச் சொல்லிடலாம்னு இருந்துச்சு."

சித்தி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பயணக் களைப்பு தெரிந்தது. நானும்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காமல் போனேன் என்றாள். வெயில் தாழ்ந்ததும் இருவரும் இறங்கி, செத்ததைப் பிடுங்கினார்கள். புதுச் செடியை வாளித் தண்ணீரில் ஊறவைத்தார்கள். பொடிசு தொட்டியைத் தலைகீழாகத் தட்டி, வேரை விரலால் மெல்லப் பிரித்துவிட்டாள். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து செடியின் அடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தபோது ஈரம் ஒரு முழம் இறங்கியிருந்தது.

அந்த வருடம் இன்னொரு செடியும் போயிற்று. மற்றவை நின்றுவிட்டன. இரண்டாவது வருடம் அடியிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பி, சருகை முட்டிக்கொண்டு மேலே வந்தன. மாமா வந்தபோது மரத்தடி முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. பூ இல்லையே என்று குறைசொன்னான், இலைமேல் கையை ஓட்டிப் பார்த்தான். பொடிசு அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அம்மா உட்காரும் இடம் எது என்று கேட்டாள். அவன் காட்டினான். நெடுநேரம் இருவரும் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று சித்தி கேட்டுக்கொள்ளவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு மாலை, மெக்கானிக் வேலையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கை இழுத்தார். யாராவது வந்திருக்கிறார்களா, வாசனையாக இருக்கிறதே என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றாள் சித்தி. அவர் கூடத்தில் தேடினார், குளியலறைச் சோப்பை எடுத்து மோந்து பார்த்தார், பொடிசின் மேசையில் சென்ட் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். வருடக்கணக்காக கிரீஸும் எண்ணெயும் மட்டுமே பழகிய மூக்கு. அது இழுத்த வழியில் போய்ப் பின்வாசலில் இறங்கினார்.

சமையலறை ஜன்னலிலிருந்து இருவரும் பார்த்தார்கள். அவர் வேலை உடுப்போடு மரத்தடியில் மண்டியிட்டு, செடியின் கிளை ஒன்றை மெதுவாகத் தூக்கினார். இலைகளுக்கு அடியில் அரிசி அளவுக்கு வெள்ளைப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தூக்கிப் பார்க்காவிட்டால் தெரியாது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்து அதையும் தூக்கிப் பார்த்தார்.

பொடிசு அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். சித்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் அங்கே யாரை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் யோசித்தாள். யாரை நினைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. சோறு ஆறாமல் இருக்கத் தட்டைப் போட்டு மூடிவைத்தாள்.